தண்டவாளத்தில் போன தேவாலயம்: ருமேனிய நகரங்கள் பற்றி வாசகர் கேள்விகள்

ருமேனியத் தலைநகர் புக்கரெஸ்டில் பழைய கட்டடங்களை வலுப்படுத்தும் வேலையில் நான் இருந்த காலத்தைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து, கைக்கு வந்த வரிசையில் பதில் எழுதுகிறேன். விசா, சம்பளம் பற்றிக் கேட்டவர்கள் மன்னிக்கவும். எனக்குச் சுவரைத் தட்டிப் பார்த்துச் சொல்லத் தெரியும், அவ்வளவுதான்.

கேள்வி: உலகத்திலேயே கனமான கட்டடம் புக்கரெஸ்டில் இருக்கிறது என்கிறார்கள். மெனக்கெட்டுப் போய்ப் பார்க்கும் அளவுக்கு அதில் என்ன இருக்கிறது மேடம்?

கனம் இருக்கிறது. கின்னஸ் புத்தகமே ஒப்புக்கொண்ட கனம். நாடாளுமன்ற மாளிகை என்பது இன்றைய பெயர். டாக்ஸி ஓட்டுகிறவர்கள் இன்னும் 'காஸா பொபோருலுய்', அதாவது மக்கள் இல்லம் என்றுதான் சொல்வார்கள். மக்களைக் கிட்டே அண்டவிடாத காலத்தில் வைத்த பெயர் அது. தரைப்பரப்பு 3,65,000 சதுர மீட்டர், உயரம் 84 மீட்டர், அறைகள் ஆயிரத்துக்கும் மேல். சலவைக்கல் மட்டும் 10 லட்சம் கன மீட்டர் போயிருக்கிறது என்று கணக்குச் சொல்கிறார்கள். கல், மரம், கம்பளம், சரவிளக்கு எல்லாம் கிட்டத்தட்ட முழுக்க உள்நாட்டுச் சரக்கு.

அடிக்கல் நாட்டியது 1984 ஜூன் மாதம். தலைமைக் கட்டடக் கலைஞர் அன்கா பெட்ரெஸ்கு என்ற பெண்மணி, 1949இல் பிறந்தவர். முப்பத்தைந்து வயதில் எழுநூறு கட்டடக் கலைஞர்களை வேலை வாங்கியிருக்கிறார். அந்தத் திறமையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அதே வருடங்களில்தான் வெளிநாட்டுக் கடனை அடைக்கிறேன் என்று அன்றைய கம்யூனிஸ்ட் சர்வாதிகாரி சௌசெஸ்கு உணவை ஏற்றுமதி செய்துகொண்டிருந்தார். ரொட்டிக்கு ரேஷன், மின்சாரத்துக்கு வெட்டு, பனிக்காலத்தில் வீட்டு ரேடியேட்டர் வெதுவெதுப்போடு நின்றுவிடும். 1989 ஏப்ரலில் கடன் அடைந்துவிட்டதாக அறிவித்தார். டிசம்பரில் அவரையே சுட்டுக் கொன்றார்கள். மாளிகை முடிந்ததை அவர் பார்க்கவில்லை.

தலைவரின் காலடிக்கு ஏற்றபடி வரவில்லை என்று பளிங்குப் படிக்கட்டுகளை இடித்து இடித்துக் கட்டினார்கள் என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். நான் நம்புகிறேன். அந்தப் படிகளில் ஏறுகிறபோது முழங்காலுக்கு ஒன்றுமே தெரியாது. மனிதர்கள் நடமாட்டத்துக்கு என்று அந்தக் கட்டடத்தில் சரியாக யோசித்த ஒரே இடம் அதுதான் என்பது என் அபிப்பிராயம். இப்போது நாடாளுமன்றத்தின் இரண்டு அவைகளும் அரசியல் சாசன நீதிமன்றமும் அங்கே இருக்கின்றன. அப்படியும் அறைகள் மிச்சம். பின்பக்கத்தில் 2004 முதல் நவீனக் கலை அருங்காட்சியகம் நடக்கிறது. அதன் மொட்டைமாடிக்குப் போங்கள். கட்டடத்துக்குப் பின்னால் 120 மீட்டருக்கு மேல் எழும்பி நிற்கும் புதிய ஆர்த்தடாக்ஸ் பேராலயம் தெரியும். 2018இல் அர்ச்சிப்பு நடந்தது. ஒருவர் பெரிதாகக் கட்டினால் அடுத்தவர் அதைவிட உயரமாகக் கட்டியாக வேண்டும் போலிருக்கிறது.

கேள்வி: அக்கா, நான் சிவில் மூன்றாம் ஆண்டு. புக்கரெஸ்டில் தேவாலயங்களை இடிக்காமல் அப்படியே தள்ளிக்கொண்டு போய் வேறு இடத்தில் வைத்தார்கள் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். உண்மையா? எப்படிச் செய்தார்கள்?

உண்மைதான் தம்பி. இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பகுதியையே எழுத ஒப்புக்கொண்டேன்.

முதலில் ஏன் நகர்த்த வேண்டி வந்தது என்று பார்ப்போம். 1977 மார்ச்சில் பெரிய நிலநடுக்கம் வந்தது. அதைச் சாக்காக வைத்துக்கொண்டு பழைய ஊரின் நடுவிலேயே தன் புது ஊரைக் கட்டச் சௌசெஸ்கு கிளம்பினார். உரானுஸ் என்ற பேட்டை, மரங்களும் தோட்டமுமாக இருந்த தனி வீடுகள், அதைச் சுற்றிய தெருக்கள் எல்லாம் போயின. சுமார் 40,000 பேர் வீட்டைக் காலி செய்தார்கள். புது ஃப்ளாட்டில் நாய்க்கு இடமில்லை என்று பலர் வளர்த்ததைத் தெருவில் விட்டுப் போனார்கள். பின்னாளில் புக்கரெஸ்டையே ஆட்டிவைத்த தெருநாய்த் தொல்லை அங்கே தொடங்கியதுதான். அந்தப் பேட்டைகளில் பழைய தேவாலயங்களும் இருந்தன. சாலையோரத்தில் அவை கண்ணில் படவே கூடாது என்பது மேலிடத்து விருப்பம்.

யூஜெனியு யோர்டகெஸ்கு என்ற பொறியாளர், இடிப்பதற்குப் பதில் நகர்த்தித் தருகிறேன் என்று நின்றார். ஒரு ஹோட்டலில் சர்வர் நிறையக் கிளாஸ்களைத் தட்டில் வைத்து ஒன்றுகூடச் சாயாமல் கொண்டு வருவதைப் பார்த்துத்தான் யோசனை வந்தது என்று அவர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். கிளாஸ் சாயாததற்குக் காரணம் தட்டு. கட்டடத்துக்கும் ஒரு தட்டு கட்டினால் என்ன?

வேலை இப்படித்தான் நடக்கும். சுவர்களுக்கு அடியில் ஒரேயடியாகத் தோண்டாமல், இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சம் என்று மாற்றி மாற்றித் தோண்டுவார்கள். தோண்டிய இடத்தில் கம்பி கட்டிக் கான்கிரீட் போடுவார்கள். துண்டுகள் எல்லாம் சேர்ந்து கடைசியில் கட்டடத்தின் அடியில் ஒரு முழுச் சட்டமாக இறுகிவிடும். பிறகு பழைய அஸ்திவாரத்தை அறுத்துவிட்டால் தேவாலயம் அந்தத் தட்டின்மேல் உட்கார்ந்துவிடும். தட்டுக்கு அடியில் தண்டவாளம், தள்ள ஹைட்ராலிக் ஜாக், இழுக்க வின்ச். மணிக்குச் சில மீட்டர்தான் நகரும். நீ பரீட்சைக்கு வேண்டுமானால் இதைக் குறித்துக்கொள்: பழைய செங்கல் சுவருக்கு அழுத்தம் தாங்கத் தெரியும், இழுவை தாங்காது. போகும் வழியில் ஒரு மூலை மட்டும் சில மில்லிமீட்டர் இறங்கினாலே சுவர் கீறிவிடும். அதனால் தள்ளுவது சுலபம். எல்லா மூலையும் ஒரே மட்டத்தில் போகிறதா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பதுதான் உயிரை எடுக்கும் வேலை.

முதலில் போனது ஸ்கிட்டுல் மைச்சிலோர் என்ற சின்னத் தேவாலயம், 1982இல், 245 மீட்டர். 1985இல் மிஹாய் வோடா. பதினாறாம் நூற்றாண்டுக் கட்டடம், மேட்டின்மேல் ஊருக்கே தெரியும்படி நின்றது. அதை மணிக்கூண்டோடு சேர்த்துச் சரிவில் இறக்கி, சுமார் 290 மீட்டர் தள்ளிக் கொண்டுபோய் வைத்தார்கள். இப்போது ஆற்றங்கரைச் சாலையில் போனால் உங்களுக்கு அது தெரியாது. அடுக்குமாடிகளுக்கு இடையில் ஒரு சந்து போகும். அதில் நுழைந்தால் திடீரென்று எதிரே நிற்கும். சுற்றிலும் கார்கள், மேலே பால்கனிகளில் காயும் துணி. நான் போனபோது பின்சுவரின் அடியில் உட்கார்ந்து பார்த்தேன். கல்லுக்கும் புதுக் கான்கிரீட்டுக்கும் நடுவே இருக்கும் கோடு விரலுக்குத் தட்டுப்படுகிறது. ஒரு கிழவர் வந்து, என்ன தொலைத்துவிட்டாய் என்று கேட்டார்.

இப்படி ஒரு டஜன் தேவாலயங்கள் பிழைத்தன. எல்லாமே பிழைக்கவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் கட்டிய வகரெஷ்டி மடம் தரைமட்டமானது. ஸ்ஃபுந்தா வினேரி தேவாலயத்தை 1987இல் இடித்தார்கள். யோர்டகெஸ்குவின் ஆட்கள் அதே ஆண்டு ஆல்பா யூலியா என்ற ஊரில் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றையே நடுவில் இரண்டாக வெட்டி, உள்ளே ஆட்கள் இருக்கும்போதே, 55 மீட்டர் நகர்த்தினார்கள். எடை 7,600 டன். சாலை போட வழி வேண்டுமாம். ஒரு பாட்டி பால்கனிக் கைப்பிடியில் தண்ணீர் கிளாஸை வைத்துச் சிந்துகிறதா என்று பார்த்தாள் என்று ஊரில் ஒரு கதை உண்டு. கதையாகவே இருந்தாலும் இருக்கட்டும். யோர்டகெஸ்கு 2019இல் காலமானார்.

கேள்வி: என் மகளுக்குப் புக்கரெஸ்டில் ஐடி வேலை கிடைத்திருக்கிறது. நகரின் நடுவே மகேரு சாலையில் 1930களில் கட்டிய அழகான கட்டடத்தில் வீடு, வாடகையும் குறைவு. வாசலில் ஏதோ சிவப்பு வட்டத் தகடு இருக்கிறதாம். என்ன அது என்று கேட்டால் புரோக்கர் மழுப்புகிறாராம். எடுக்கலாமா?

வேண்டாம். இந்த ஒரு வார்த்தையோடு நிறுத்தினாலும் தப்பில்லை. ஆனாலும் காரணம் சொல்கிறேன்.

அந்தத் தகட்டுக்கு 'புலினா ரோஷியே', சிவப்பு வட்டம் என்று பெயர். பெரிய நிலநடுக்கம் வந்தால் இடிந்து விழும் ஆபத்து மிக அதிகமான வகுப்பைச் சேர்ந்த கட்டடம் என்று பொறியாளர்கள் பார்த்துச் சான்று கொடுத்தபின் மாட்டுவது. வாடகை குறைவானதற்குக் காரணம் அதுதான். புரோக்கரின் மழுப்பலுக்கும் அதுதான்.

புக்கரெஸ்டுக்கு வடக்கே வ்ரான்சியா என்று ஒரு மலைப்பகுதி. நிலத்துக்கு அடியில் நூறு கிலோமீட்டர் அளவு ஆழத்தில் அங்கே பாறை உடைகிறது. அவ்வளவு ஆழத்திலிருந்து வரும் அதிர்வு தொலைவிலும் வலுவோடு பாயும். புக்கரெஸ்டின் மெத்தென்ற மண்ணில் அது நிதானமான பெரிய ஆட்டமாக மாறுகிறது. சின்ன வீடுகள் தப்பிக்கும், உயரமானவை மாட்டிக்கொள்ளும். 1940 நவம்பர் 10 அன்று, நகரின் பெருமையாக இருந்த கார்ல்டன் கட்டடம் சரிந்தது. 1977 மார்ச் 4 இரவு ஒன்பதரை மணி வாக்கில் மறுபடி. நாடு முழுக்க 1,500க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், அதில் பெரும்பாலோர் புக்கரெஸ்டில். முப்பதுக்கும் மேற்பட்ட பெரிய கட்டடங்கள் விழுந்தன. விழுந்தவற்றில் மிகப் பெரும்பாலானவை உங்கள் மகள் பார்த்திருக்கும் அதே ரகம்: இரண்டு உலகப் போர்களுக்கு நடுவில் கட்டிய, வளைந்த பால்கனி வைத்த அழகான உயரக் கட்டடங்கள். நிலநடுக்கத்தைக் கணக்கில் எடுக்கச் சொல்லும் விதி எதுவும் அவை எழும்பியபோது இல்லை.

நான் ஆய்வுக்குப் போன ஒரு வீட்டில், மூன்றாவது மாடிப் பாட்டி என்னை உட்காரவைத்துச் செர்ரி ஜாமும் ஒரு கிளாஸ் தண்ணீரும் கொடுத்தார். "நாற்பதையும் பார்த்தது, எழுபத்தேழையும் பார்த்தது இந்த வீடு. எனக்கு முன்னால் விழாது, பயப்படாதே பெண்ணே" என்றார். அவர் சொன்னதைத்தான் ஊரில் பாதிப் பேர் சொல்வார்கள். கீழ்த்தளத்துக்கு இறங்கி, கடைக்காரரின் அலமாரியை நகர்த்தச் சொன்னேன். அதன் பின்னால் இருந்த தூணில் பூச்சை உடைத்தால், உள்ளே குறுக்காக ஒரு விரிசல். 1977க்குப் பிறகு மேலே பூசி மெழுகி வண்ணம் அடித்திருக்கிறார்கள். இரண்டு முறை தாங்கியது என்றால் பலம் இருக்கிறது என்று அர்த்தமில்லை. இருந்த பலத்தில் இரண்டு முறை செலவாகிவிட்டது என்று அர்த்தம். இதைப் பாட்டியிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஜாமைச் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

பலப்படுத்தலாமே என்பீர்கள். பலப்படுத்தலாம். அரசு வட்டியில்லாக் கடனெல்லாம் கொடுத்துப் பார்த்தது. ஆனால் ஒரு கட்டடத்தில் நாற்பது சொந்தக்காரர்கள். வேலை நடக்கும் வரை எல்லோரும் வெளியே போய் இருக்க வேண்டும். எண்பது வயதுக்காரர், திரும்பி வருவேனா என்று கேட்பார். ஒருவர் இத்தாலியில், ஒருவர் வழக்கில், ஒருவர் எங்கே என்றே தெரியாது. 2015 அக்டோபரில் கொலெக்டிவ் என்ற இரவு விடுதியில் தீப்பிடித்து 64 பேர் இறந்த பிறகுதான் பாதுகாப்பு விஷயத்தில் நாடு விழித்தது. சிவப்பு வட்டக் கட்டடங்களில் கூட்டம் சேரும் தொழில்கள் நடத்தக் கூடாது என்று சட்டம் வந்தது. மகேரு சாலையின் பத்ரியா சினிமா தியேட்டர் அந்த வாரங்களில் பூட்டியதுதான். காபிக் கடையில் உட்காரக் கூடாத கட்டடத்தில், மேல்மாடியில் படுத்துத் தூங்கலாம் என்பது விசித்திரம்.

மகளிடம் சொல்லுங்கள்: மாநகராட்சி, ஆபத்தான கட்டடங்களின் பட்டியலை இணையத்தில் போட்டிருக்கிறது. முகவரியை அதில் தேடட்டும். தகடு இல்லை என்பதாலேயே பயமில்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், யாரும் இன்னும் ஆய்வு செய்யாமலும் இருக்கலாம். கட்டிய வருடத்தைக் கேட்கட்டும். 1977க்குப் பிந்தையது என்றால் எனக்கு நிம்மதி.

கேள்வி: புகைப்படங்களில் பார்க்கும் அந்தச் சாம்பல் நிற அடுக்குமாடிகளை இன்னும் ஏன் விட்டுவைத்திருக்கிறார்கள்? பார்க்கவே மனசு வாடிப்போகிறது.

அவற்றில் ஒன்றில்தான் நான் குடியிருந்தேன். துருமுல் தபெரெய் பகுதி. முகவரி ப்ளோக், ஸ்காரா, அபார்ட்மென்ட் என்று மூன்று அடுக்காக நீளும். ஸ்காரா என்றால் எந்தப் படிக்கட்டு வாசல் என்பது. அது தெரியாமல் போனால் கூரியர்காரர் ஒரே கட்டடத்தை மூன்று முறை சுற்றி வருவார். வாசலில் ஒரு கண்ணாடிப் பலகை. மாதாமாதம் வெந்நீர், ஹீட்டிங், குப்பை என்று யார் வீட்டுக்கு எவ்வளவு, யார் பாக்கி என்று அதில் ஒட்டுவார்கள். ரகசியமே கிடையாது.

இடிக்க முடியாததற்கு முதல் காரணம், அவை எல்லாம் தனியார் சொத்து. 1990களின் தொடக்கத்தில் அரசு அந்த ஃப்ளாட்டுகளைக் குடியிருந்தவர்களுக்கே சொற்ப விலைக்கு விற்றுவிட்டது. அதனால்தான் ருமேனியாவில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டவர்கள் சொந்த வீட்டில் இருக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் முன்வரிசை.

இரண்டாவது காரணத்தைத் தொழில்காரியாகச் சொல்கிறேன். தொழிற்சாலையில் வார்த்த கான்கிரீட் பலகைகளைக் கொண்டுவந்து சேர்த்துக் கட்டிய அந்த அவலட்சணங்கள் 1977 நிலநடுக்கத்தை நன்றாகவே தாங்கின. அழகானவை விழுந்தன, இவை நின்றன. எனக்கு ராத்திரி தூக்கம் வந்த ஊர் துருமுல் தபெரெய்தான். இன்றைக்கு வெளிச்சுவரில் வெப்பம் காக்கும் பூச்சுப் போட்டு, ஆரஞ்சு, பச்சை என்று வண்ணமும் அடித்துவிட்டார்கள். சாம்பல் நிறமே தேவலை என்று சில நேரம் தோன்றும். நடுவில் நட்ட மரங்கள் ஐந்து மாடி உயரம் வளர்ந்துவிட்டன. மெட்ரோ வர மட்டும் 2020 வரை ஆனது. 2011இல் தோண்டத் தொடங்கியது.

கேள்வி: புரட்சிச் சதுக்கத்தில் உருளைக்கிழங்கு சிலை உண்டாமே?

மறுபிறப்பு நினைவுச்சின்னம் என்பது அதன் பெயர். சௌசெஸ்குவை விழவைத்த 1989 புரட்சியில் இறந்தவர்களுக்காக 2005இல் வைத்தது. 25 மீட்டர் வெள்ளைத் தூண், அதன் நடுவில் கிரீடம் மாதிரி என்று சிற்பி நினைத்த ஒரு கம்பிக் கூண்டு. கம்பியில் குத்திய உருளைக்கிழங்கு என்று ஊர் தீர்மானித்துவிட்டது. ஊர் சொன்னால் சொன்னதுதான். யாரோ அதன்மேல் சிவப்புப் பெயின்ட் வீசினார்கள். ரத்தம் ஒழுகுவது போல் இருந்தது. எனக்கென்னவோ அதற்குப் பிறகுதான் அது பொருத்தமாகத் தெரிந்தது.

எதிரே இருப்பது பழைய கம்யூனிஸ்ட் கட்சித் தலைமையகம். 1989 டிசம்பர் 21 அன்று சௌசெஸ்கு கடைசியாகப் பேசிய பால்கனி அங்கேதான். கூட்டம் கூச்சலிட ஆரம்பித்ததும் அவர் முகம் மாறியதை டிவியில் நாடே பார்த்தது. மறுநாள் மொட்டைமாடியிலிருந்து ஹெலிகாப்டரில் ஓடினார். அந்தப் பால்கனி நீங்கள் நினைப்பதைவிடத் தாழ்வானது. கீழே நிற்பவர்களின் முகம் அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருக்கும்.

கேள்வி: புரட்சி புக்கரெஸ்டில் தொடங்கவில்லை, வேறு ஊரில் தொடங்கியது என்கிறாரே என் கணவர்?

உங்கள் வீட்டுக்காரர் சொல்வது சரி. டிமிஷ்வாரா. மேற்கே, செர்பிய, ஹங்கேரிய எல்லைகளுக்குப் பக்கத்தில். ஹங்கேரிய இனப் பாதிரியார் லாஸ்லோ டோகேஷை வீட்டை விட்டு வெளியேற்ற உத்தரவு. அவர் வாசலில் டிசம்பர் 15, 16 தேதிகளில் சபையார் கூடினார்கள். டிராமிலிருந்து இறங்கிய ருமேனியர்களும் சேர்ந்துகொண்டார்கள். ராணுவம் சுட்டது. 20ஆம் தேதி ஆலைத் தொழிலாளர்கள் திரண்டு வந்து ஓபரா சதுக்கத்தை நிரப்பினார்கள். ஓபரா பால்கனியிலிருந்து ஊரைச் சுதந்திர நகரமாக அறிவித்தார்கள்.

இன்று அதன் பெயர் வெற்றிச் சதுக்கம். சதுக்கம் என்றாலும் நீளமான தோட்ட நடைபாதை போன்றது. ஒரு முனையில் ஓபரா, மறுமுனையில் பேராலயம். நடுவே ரோம் நகரம் 1926இல் கொடுத்த ஓநாய்ச் சிலை. இந்த அமைப்பைக் கவனியுங்கள்: அறிவிக்க ஒரு பால்கனி, நிறைய ஆட்கள் நிற்க இடம், ஓடுவதற்குப் பக்கச் சந்துகள். திட்டமிட்டவர்கள் உலாவுவதற்காகத்தான் போட்டார்கள். சில முகப்புகளில் குண்டு துளைத்த தடத்தை இன்னும் விட்டுவைத்திருக்கிறார்கள். இதே ஊர்தான் 1884 நவம்பரில் 731 மின்விளக்குகளைத் தெருக்களில் போட்டது. ஐரோப்பாவிலேயே முதல் ஊர் நாங்கள் என்று சொல்லிக்கொள்ளாமல் அங்கே ஒருவரும் பேச்சை முடிக்க மாட்டார்கள்.

கேள்வி: டிரான்சில்வேனியாவில் சிபியு, பிரஷோவ், க்ளூஷ் மூன்றுக்கும் போக நேரமில்லை. சதுக்கம் பார்க்க எது நல்லது?

சிபியு. யோசிக்கவே வேண்டாம். பெரிய சதுக்கம், சின்னச் சதுக்கம் இரண்டும் கோபுரத்துக்கு அடியில் போகும் வழியால் சேர்ந்திருக்கின்றன. கூரைகளில் பாதி மூடிய கண்கள் போன்ற திறப்புகள். பரணுக்குக் காற்று போக வைத்தவை, ஆனால் ஊரே உங்களைப் பார்ப்பது போலத் தோன்றும். 2007இல் ஐரோப்பியக் கலாச்சாரத் தலைநகரம் ஆவதை ஒட்டிப் பழைய ஊரை நன்றாகப் புதுப்பித்தார்கள். அந்த வேலையை நடத்திய மேயர் கிளாவுஸ் யோஹான்னிஸ் பிற்பாடு நாட்டின் ஜனாதிபதியானார்.

பிரஷோவில் சுற்றுலாக் கூட்டம் அதிகம். 1689 தீயில் கருகியதால் பெயர் வந்த கறுப்புத் தேவாலயம் நிச்சயம் பார்க்கத் தக்கது. 1950இலிருந்து பத்து வருடம் அந்த ஊருக்கு ஸ்டாலின் நகரம் என்று பெயர் இருந்தது. மலையில் மரம் நட்டே ஸ்டாலின் என்று எழுதியிருந்தார்கள். இப்போது அதே மலையில் ஊர்ப் பெயர் பெரிய எழுத்தில் நிற்கிறது. க்ளூஷில் சதுக்கத்தின் நடுவில் ஹங்கேரிய அரசர் மத்தியாஸ் சிலை. 1992இலிருந்து 2004 வரை மேயராக இருந்த ருமேனியத் தேசியவாதி கியோர்கே ஃபுனாருக்கு அது கண்ணில் விழுந்த தூசு. ஊரின் பெஞ்சு, குப்பைத்தொட்டி எல்லாவற்றுக்கும் ருமேனியக் கொடியின் மூவண்ணம் அடித்தார். சிலை அசையவில்லை. இன்றைக்கு க்ளூஷ்காரர்களின் கவலை வீட்டு விலை மட்டும்தான், நாட்டிலேயே அங்கேதான் அதிகம்.

கேள்வி: கண்ணாடிக் கோபுரத்துக்குப் பக்கத்திலேயே பாழடைந்த மாளிகை நிற்கிறது. பெரிய பணக்கார ஊர் மாதிரியும் இருக்கிறது, கைவிட்ட ஊர் மாதிரியும் இருக்கிறது. ஏன் இப்படி?

1950இல் ஓர் ஆணையால் ஆயிரக்கணக்கான வீடுகளைக் கம்யூனிஸ்ட் அரசு எடுத்துக்கொண்டது. திருப்பிக் கொடுக்கும் சட்டம் 2001இல் வந்தது. நடுவில் ஐம்பது வருடம். உரிமை கேட்டு வந்தவர்கள் பேரன் பேத்திகள், சிலர் வெளிநாட்டில். வழக்கு நீளும்போது கூரை ஒழுகும். சிலருக்கு அது ஒழுகுவதே வேண்டும். பாரம்பரியக் கட்டடத்தை இடிக்க அனுமதி கிடைக்காது, தானே விழுந்தால் மனை மிச்சம். ஜன்னலை வேண்டுமென்றே கழற்றி வைத்த வீடுகளை நானே பார்த்திருக்கிறேன்.

மருந்து இல்லாமல் இல்லை. பராமரிக்காத கட்டடத்துக்குச் சொத்து வரியை 500 சதவீதம் வரை ஏற்ற உள்ளாட்சிக்கு அதிகாரம் உண்டு. ஒராடியா நகரம் முகப்புகளைப் புதுப்பிக்கும் வேலையை விடாமல் செய்தது. 1908இல் முடிந்த 'கறுங்கழுகு' மாளிகையின் கண்ணாடிக் கூரை போட்ட நடைபாதையைப் போய்ப் பாருங்கள், அந்த ஊர் என்ன செய்திருக்கிறது என்று தெரியும்.

புக்கரெஸ்டில் வேறு கதை. செயின்ட் ஜோசப் கத்தோலிக்கப் பேராலயத்தை ஒட்டி 19 மாடிக் கோபுரம் ஒன்று எழும்பியது. அனுமதி செல்லாது, இடியுங்கள் என்று நீதிமன்றம் சொன்னது. தீர்ப்புக்குப் பல வருடம் கழித்தும் கோபுரம் காலியாக நின்றது. இப்படிப்பட்ட அனுமதிகளை எதிர்த்து வழக்கு மேல் வழக்காகப் போட்டவர் நிகுஷோர் டான் என்ற கணித அறிஞர். சர்வதேச கணித ஒலிம்பியாடில் இரண்டு முறை முழு மதிப்பெண் வாங்கியவர். 2020இல் மேயரானார், 2025இல் ஜனாதிபதி. மேயரானதும் வட்டார வாரியான கட்டுமானத் திட்டங்களை நிறுத்திவைத்தார். கட்டுமானக் கம்பெனிகள் திட்டித் தீர்த்தன. எங்கள் ஆபீஸில்கூட இரண்டு கட்சி.

கேள்வி: கருங்கடல் ஓரத்தில் இடிந்த சூதாட்ட மாளிகை இருக்கிறதாமே, பேய் பங்களா மாதிரி?

கான்ஸ்டன்ட்சா காஸினோ. 1910இல் திறந்தது. பல வருடம் உடைந்த ஜன்னலோடு நின்றது உண்மை. 2020இல் புதுப்பிக்கத் தொடங்கி 2025 மே மாதம் திறந்துவிட்டார்கள். பேயைப் பார்க்க நீங்கள் தாமதமாகிவிட்டீர்கள்.

கேள்வி: புக்கரெஸ்டில் எனக்கு ஒரே ஒரு மாலைதான். நாடாளுமன்ற மாளிகை பார்க்கவா, வேறு ஏதாவதா?

மாளிகைக்கு முன்பதிவு வேண்டும், அடையாளத்துக்குப் பாஸ்போர்ட் வேண்டும், பகலில் போக வேண்டும். உங்களுக்கு மாலைதானே இருக்கிறது? அதேனியம் போங்கள். குதிரைச் சவாரிப் பள்ளிக்காகப் போட்டுப் பாதியில் நின்ற வட்ட அஸ்திவாரத்தின்மேல் கட்டிய கச்சேரி மண்டபம் அது. அதனால்தான் உள்ளே எல்லாமே வட்டம். பணம் போதாதபோது, அதேனியத்துக்கு ஒரு லேயு (ருமேனிய நாணயம்) கொடுங்கள் என்று பொதுமக்களிடம் வசூலித்தார்கள். 1888இல் திறந்தது. வரைந்தவர் ஆல்பெர் காலரோன் என்ற பிரெஞ்சுக்காரர். மண்டபச் சுவரைச் சுற்றி ருமேனிய வரலாறு எழுபது மீட்டருக்கு மேல் ஓவியமாக ஓடுகிறது. கச்சேரி சுமாராக இருந்தால் நிமிர்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

டிக்கெட்டை முன்னாலேயே வாங்கிவிடுங்கள், நல்ல நாட்களில் சீக்கிரம் தீர்ந்துவிடும். கோட்டைக் கழற்றி வாசலில் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், அதற்குப் பத்து நிமிடம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.